ஒன்பது பேர் வாசித்த இசை

வால்டர் கிம்மல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ ஒன்றின் இசைப்பிரிவில் பதினொரு வருடம் இருந்தான். துரத்தல், முத்தம், போர்க்களம் என எது வந்தாலும் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிடுவான். திரையில் பிரிவுத் தலைவரின் பெயர்தான் வரும்.

1953 கோடையில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய வாரத்தில், படத்தொகுப்பாளர் எட்னா வாஸ் கூப்பிட்டாள். சின்ன கம்பெனி, சின்ன படம். லாரி டிரைவர் ஒருவனின் விதவை, அவன் விட்டுப்போன லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிற கதை. வாசிக்க ஒன்பது பேருக்கு மேல் கிடையாது.

"போ," என்றாள் மனைவி லோயிஸ். "மூணு மாசம் எப்படியாவது சமாளிச்சிடலாம். இந்த உர்ருனு இருக்கற மூஞ்சியத்தான் என்னால சமாளிக்க முடியல."

ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே போனான். விதவை முதன்முதலாக லாரியைக் கிளப்பும் காட்சிக்கு வயலின்களை உருக உருக எழுதினான். பியானோவில் வாசித்துக் காட்டியதும் எட்னா முகத்தைச் சுளித்தாள்.

"வால்டர், அவளே அழல. உன் வயலின் எதுக்கு அழுவுது?"

அவனுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டான்.

ஒலிப்பதிவு நாளன்று தயாரிப்பாளர் டிரெஸ்னர் வாயில் சுருட்டோடு பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்.

"இசை எங்கய்யா? நாப்பது செகண்டா வெறும் இன்ஜின்தான் உறுமுது. இதுக்கா ஒம்பது பேர ஒக்கார வெச்சிருக்கேன்?"

பழைய வால்டராக இருந்திருந்தால், ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருகிறேன் என்றிருப்பான்.

"இன்னொரு தடவ பாருங்க, மிஸ்டர் டிரெஸ்னர். அவ கைய மட்டும் பாருங்க."

படம் மறுபடி ஓடியது. கியரில் அவள் கை வழுக்கியது. லாரி குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினாள். இரண்டாவது கியர் விழுந்த நொடியில் வால்டர் விரலை அசைத்தான். அடங்கிய குரலில் ஒரே ஒரு கிளாரினெட் கிளம்பியது. லாரி சாலைக்கு ஏறியபோது செல்லோ சேர்ந்துகொண்டது.

டிரெஸ்னர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"கிளாரினெட்காரன இன்னும் கொஞ்சம் சத்தமா ஊதச் சொல்லு."

"வேண்டாம்," என்றாள் எட்னா.

"சரி, வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "டைட்டில்ல போடணும். உன் முழுப் பேர் என்னய்யா?"

அக்டோபரில் வந்த படம் சில தியேட்டர்களில்தான் ஓடியது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓர் இயக்குநர் அவன் வீட்டுக்குப் போன் செய்தார்.

"அந்த லாரி படத்துல நாப்பது செகண்ட் சும்மா இருந்த ஆள் நீங்கதானா?"

"நான்தான்," என்றான் வால்டர், திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு.

"என் படத்துல எங்கெங்க சும்மா இருக்கணும்னு வந்து சொல்லுங்களேன்."

வால்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, சமையலறையிலிருந்த லோயிஸிடம் பென்சில் கேட்டான்.