அவள் விடாத சிப்பாய்

பொய் சொல்லத் தெரியாதவள் என்று வடகரப்பதியில் எனக்குப் பேர். அட, அந்தப் பேரை வைத்துத்தான் என் சித்தப்பா மகள் செல்வப்பிரியாவை ஏமாற்றினேன்.

பாலக்காட்டில் மாவட்ட அளவிலான செஸ் தேர்வு. பெண்களில் ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நான் ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தவள், காலேஜிலும் சேர்ந்தாகிவிட்டது. பிளஸ் டூவில் மார்க் குறைந்த செல்வாவுக்கோ, மாநிலத்தில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிகிரி சீட். அவளுக்கு வேறு வழியே இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள், தென்னந்தோப்புக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து கேட்டாள்.

"ஏக்கா, ராணி முன்னால இருக்கற சிப்பாயைத் தள்ளிட்டு, அடுத்தாப்ல மந்திரிச் சிப்பாயைச் சும்மா நீட்டறாங்களே, அதை எடுத்துக்கலாமா?"

எடுக்கலாம். ஆனால் எதிராளி அதைத் திரும்ப மீட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அந்த நேரத்தில் நம் குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டுவர வேண்டும். சண்டை நடுப்பலகைக்குத்தான், அந்த ஒற்றைக் காய்க்கு அல்ல. எனக்கு இதெல்லாம் அத்துப்படி. அவளோடு மோதவேண்டி வரும் என்பதும் தெரியும். மூன்றாம் முறையும் நானே போகவேண்டும் என்ற வெறி.

"எடுத்துக்க புள்ளே. பக்கத்துச் சிப்பாயை முட்டுக் குடுத்து, கெட்டியாப் புடிச்சுக்க" என்றேன்.

எங்கள் சனத்துக்கு இப்படிச் சொன்னால் போதும். கைக்கு வந்த வரப்பில் ஒரு சாண் கூட விடமாட்டோம். பாவி, அது தெரிந்துதான் சொன்னேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெள்ளை எனக்கு. மந்திரிச் சிப்பாயை நீட்டினேன், எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே முட்டுக் கொடுத்தாள். ஓரச் சிப்பாயைத் தள்ளி அந்தக் கட்டுக்கோப்பைக் கலைத்தேன். ராணியைக் குறுக்கே இறக்கியதும் மூலையிலிருந்த அவளுடைய யானை மாட்டிக்கொண்டது. செல்வா நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு கை கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீ, இதுவும் ஒரு ஜெயிப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன். எட்டாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். களத்தில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னேதான் உனக்குத் தப்பாச் சொன்னேன் செல்வா. நான் போகல, என்ற பேரை வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டாவதா வந்தவ நீதான, நீ போ."

"நீ அந்த ஓரச் சிப்பாயைத் தள்ளுனப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா" என்றாள், கோபமே இல்லாமல். "நீயா வந்து சொல்லுவேன்னு தெனமும் பாத்துட்டிருந்தேன். பேரை மாத்தறதுக்கு நேத்துத்தான் கடைசி."