மஞ்சள் கிளிப்

ஜோயலுக்குக் கையில் உருப்படியாக மிச்சமிருந்தது வலது கட்டைவிரல் ஒன்றுதான். மற்றவையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பிறகு பேனா நிற்கவில்லை, அப்புறம் கரண்டியும் நழுவியது. மதுரை டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தங்கச்சி ஞானசெல்வியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நரம்பு வற்றிக்கொண்டே வருகிறதாம், மருந்து கிடையாதாம். தினமும் கைகாலை ஆட்டிப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆள் மனசு விட்டுவிட்டால் தள்ளிப்போகாது என்றார். ஞானசெல்வி வெளியே வந்தாள். ஆறு மாசத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். வரும் வழியில் ஆண்டிபட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி இருவரும் காபி குடித்தார்கள். டம்ளரை அவள்தான் அவர் வாயில் வைத்துப் பிடித்தாள்.

அவர் மஸ்கட்டில் பன்னிரண்டு வருசம் எலக்ட்ரீசியனாக இருந்தவர். தொண்ணூற்றாறில் உத்தமபாளையத்துக்குத் திரும்பியபோது, வருகிறவர்களெல்லாம் டேப் ரிக்கார்டரும் கம்பளியும் இறக்க, இவர் இறக்கியது ரெண்டு ரிமோட் செட்டு. தண்ணீரில் சின்னப் படகு விடுவதற்காம். தெருவில் சிரித்தார்கள். பொண்டாட்டி செத்தவன், மகள் மகிமாவைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தவன், கப்பல் விட்டு விளையாடப் போகிறானாக்கும் என்றார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. கல்யாணமே வேண்டாமென்று பள்ளிக்கூட லேபில் உதவியாளாக இருந்தவள் அவள். கண்ணாடிக் குழாயும் தராசுமாய்ப் பழகின கை. இலவ மரப் பலகையை அட்டை கனத்துக்கு இழைத்து, விலா எலும்பு மாதிரி சட்டம் கட்டி, அதன்மேல் ஒட்டி, தேனி கார் பட்டறையில் வாங்கின ரெசினைப் பூசினாள். சைக்கிள் கம்பியில் தண்டு, பித்தளைத் தகட்டில் வெட்டின விசிறி. மோட்டாரும் ஒயரும் அவர் பாடு. ரெண்டு மழைக்காலத்தில் ரெண்டு படகு ஆயிற்று. சிவப்பு அவருக்கு, வெள்ளை அவளுக்கு.

அப்புறம்தான் தெரிந்தது, விற்றவன் ஏமாற்றியிருக்கிறான் என்று. செட்டுக்குள்ளே பட்டாணி அளவில் ஒரு கிறிஸ்டல் இருக்கும். கையில் பிடிக்கிற பெட்டியில் ஒன்று, படகில் அதற்கு ஜோடி ஒன்று. ரேடியோவுக்கு ஸ்டேஷன் மாதிரி. ஒவ்வொரு செட்டுக்கும் வேறு ஸ்டேஷன், வேறு கலர் இருக்கவேண்டும். அவன் ரெண்டுக்கும் மஞ்சளே போட்டுக் கொடுத்திருந்தான். ரெண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, போட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்று கூட வந்த புத்தகத்தில் அச்சடித்திருந்தது. எப்படிப் போகும் என்று இவர்கள் பார்த்ததில்லை. பார்க்கிற துணிச்சல் இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் கட்டின படகு.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். துணி காயப்போடுகிற மரக் கிளிப் ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கிளிப் யார் சட்டையில், யார் சேலைத் தலைப்பில் இருக்கிறதோ அவர்தான் பெட்டியைப் போடலாம். மற்றவர் கரையில் உட்கார்ந்து குறை சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிளிப்பைக் காலரில் மாட்டினபடியே தேனிக்கு ஒரு துக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டில் அவர் பெட்டி அணைந்தேதான் கிடந்தது. ஆனாலும் இவள் தன்னுடையதைப் போடவில்லை. சாயங்காலம் வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. எட்டு வருசத்தில் அந்த முறையை யாரும் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

எட்டு வருசத்தில் ரெண்டு படகும் ஒன்றாகப் போனதும் இல்லை.

விரல்கள் போகத் தொடங்கின பிறகு அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

"செல்வி, ஒரு தடவையாச்சும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல போகணும்."

"போகும்ணே. வேற கலர் கிறிஸ்டல் வரவச்சுட்டாப் போகுது."

"சீக்கிரம் வரவை. இந்தக் கட்டைவிரலு இருக்கிற வரைக்கும் நீ சொல்றபடியெல்லாம் கையக் கால ஆட்டுறேன். இதுவும் போச்சுன்னா என்னைய விட்டுரு. பயிற்சியும் வேணாம், மதுரையும் வேணாம்."

அவர் சும்மா மிரட்டுகிற ஆளில்லை. அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே, அவர் தூங்கின பிறகு, அவருடைய பெட்டியைத் திறந்து, படகைத் திருப்புகிற வலது குச்சியின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டாள். இனி லேசாகத் தொட்டாலே குச்சி சாயும். வேகத்துக்கான இடது குச்சி வைத்த இடத்தில் நிற்கும், அதை அவளே வைத்துக் கொடுத்துவிடலாம். திசை திருப்புவதற்கு அந்தக் கட்டைவிரல் போதும். காலையில் அவர், குச்சி என்ன இப்படி லேசாகிவிட்டது என்று கேட்டார். ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது என்றாள். அந்த வாரம் கண்மாயில் தன்னந்தனியாகப் பத்து நிமிசம் சிவப்புப் படகை ஓட்டினார். மடையைச் சுற்றி எட்டுப் போட்டுக் கொண்டுவந்து கரையில் சேர்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து நாளாகியிருந்தது.

சென்னையிலிருந்து நீலக் கிறிஸ்டல் ஜோடி வந்துசேர மூன்று வாரமாயிற்று. அது ரம்சான் மாசம், ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மேசையில் பேப்பரை விரித்துத் தன் வெள்ளைப் படகையும் பெட்டியையும் திறந்தாள். பழைய மஞ்சள் ஜோடியை உருவிப் பேப்பரில் வைத்தாள். புது ஜோடியையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். அப்போது பின்வாசலில் பக்கத்து வீட்டுச் சாபிரா, நோன்புக் கஞ்சித் தூக்கோடு.

"அக்கா, சூடாறுமுன்ன ஊத்திக்கங்க. தூக்கு வேணும், பள்ளிவாசலுக்குத் திரும்ப அனுப்பணும்."

கஞ்சியை மாற்றி ஊற்றி, தூக்கைக் கழுவிக் கொடுப்பதற்குள் சாபிரா மகள் முபீனாவுக்கு வந்த வரனைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கம்பத்தில் ஏலக்காய்க் கடையாம், ஆனால் காது கொஞ்சம் மந்தமாம். அதுவும் நல்லதுக்குத்தான், நம்ம முபீனா வாய்க்கு வேற எவன் தாங்குவான் என்றாள். ஞானசெல்வி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த முகத்தோடே திரும்பி வந்து, மேசையில் கிடந்ததில் ஒரு ஜோடியை எடுத்துப் பொருத்தினாள். மற்றதைத் தீப்பெட்டியில் போட்டு மூடினாள். தன் பெட்டியின் ஏரியலில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்து நீல நாடா கட்டினாள்.

சோதித்தும் பார்த்தாள். கிளிப்பைத் தன் தலைப்பில் மாட்டிக்கொண்டு வெள்ளைப் படகைப் போட்டாள். விசிறி சுற்றியது, சுக்கான் திரும்பியது. அணைத்தாள். கிளிப்பை எடுத்து அண்ணன் காலரில் மாட்டிவிட்டுச் சிவப்பைப் போட்டாள். அதுவும் சரியாக இருந்தது. ரெண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கை அப்படிப் பழகவில்லை.

மறுநாள் சர்ச் முடிந்ததும் பால்பாண்டி ஆட்டோவில் கண்மாய்க்குப் போனார்கள். அவரை இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் தலையணை, தலையணைமேல் பெட்டி. ஏரியலை முழுசாக இழுத்தால் பெட்டி முன்னால் குடைசாய்ந்தது. அதனால் பாதிதான் இழுத்துவிட்டாள். மீன் குத்தகைக் காவல்காரர் ஒச்சாண்டி வழக்கம்போல வந்து நின்றார்.

"என்னக்கா, இன்னைக்கு ரெண்டையும் இறக்குறீக? சண்டையா, பந்தயமா?"

"ஊர்கோலம்" என்றார் ஜோயல்.

"அப்ப கொட்டு எங்க?"

"உன் வாயிருக்கும்போது தனியா எதுக்கு?"

அவர் கேலி பேசியே மாசக்கணக்காகியிருந்தது. ஞானசெல்வி அவர் காலரிலிருந்து கிளிப்பை எடுத்தாள். இனி அது எதற்கு, தண்ணீரில் வீசு என்றார். வீச மனசு வராமல் நாற்காலிக் கையில் மாட்டினாள்.

முதலில் அவர் பெட்டியைப் போட்டாள், பிறகு தன்னுடையதை. ரெண்டும் கரையை விட்டு நகர்ந்தன. சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம், நடுவில் நாலு முழம். இவள் கொஞ்சம் இடது வாங்கினாள், அதுவும் இடது வாங்கியது. வலது திருப்பினாள், அதுவும் திரும்பியது. வேகத்தைக் கூட்டினபோது அதுவும் விலகாமல் கூடவே வந்தது. ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள் மாதிரி ரெண்டும் ஒரே வளைவாக வளைந்தன. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"எப்படிண்ணே, என் பின்னாடியே இழைஞ்சு இழைஞ்சு வர்றீங்க?"

அவர் பதில் பேசவில்லை. ஓட்டுகிற கவனத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரே தண்ணீருக்குள் ஒரு கருவேலப் புதர். அவள் வெள்ளையை வலதுபக்கம் ஒடித்தாள். அவளுக்கு வலது சரிதான். சிவப்புக்கு வலதில் மடைக்கல். நேராகப் போயிருக்கவேண்டிய சிவப்பு, இவளோடு சேர்ந்து வலதில் ஒடித்து, அதே வேகத்தில் கல்லில் போய் மோதியது. இலவ மரம் உடைகிற சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி.

"அண்ணே, இடது. கல்லை விட்டு இடது வாங்குங்க."

"வாங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர்.

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கட்டைவிரல் குச்சியின்மேல் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையிலிருந்து கிளம்பினதிலேருந்து வாங்கிட்டுத்தான் இருக்கேன் செல்வி. விரல் அசையிற மாதிரிதான் எனக்கு இருக்கு. ஆனா குச்சி தானாச் சாயுது, விரல் அசையலை போல. போயிருச்சு."

ஒச்சாண்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சிவப்புப் படகைத் தூக்கிவந்தார். மூக்கு முழுக்க உள்ளே போயிருந்தது. ஒட்டிக்கலாம் அண்ணே என்றார்.

மத்தியானம் அவள் பசை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தபோது தீப்பெட்டி கையில் பட்டது. வெறும் பெட்டியோ என்று திறந்தாள். உள்ளே ரெண்டு கிறிஸ்டலும் தலையில் நீலப் பொட்டோடு கிடந்தன.

உடனே வெள்ளைப் படகைத் திறந்தாள். மஞ்சள். பெட்டியைத் திறந்தாள். மஞ்சள். கஞ்சித் தூக்கைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்து, கழற்றினதையே திரும்பப் பொருத்தியிருக்கிறாள். கண்மாயில் ரெண்டு படகையும் ஓட்டினது அவள் ஒருத்தி. அவருடைய பாதி ஏரியல் பேச்சை அவளுடைய முழு ஏரியல் அமுக்கிவிட்டது. கல்லில் மோதினதும் அவள்தான்.

அவர் அறைக்கு ஓடினாள். தீப்பெட்டியைக் காட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். உங்கள் விரலில் குறையே இல்லை, குறை என்னுடையது என்றாள். கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"நல்லாச் சொல்றே" என்றார்.

"சத்தியமாண்ணே. பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்."

"அந்த ஸ்பிரிங்கு துருப்பிடிச்சு ஒடிஞ்சிருச்சுன்னியே. உன் பொத்தான் டப்பாவுல பாத்தேன், புதுசு மாதிரி பளபளன்னு கிடந்துச்சு. ஆறு மாசத்துல சரியாயிரும்னு மதுரையில சொன்னாகன்னியே. நீ மகிமாகிட்டச் சொன்னதையெல்லாம் அவ போன்ல அழுதுக்கிட்டே சொல்லிட்டா. நான் உன்னைய ஒரு வார்த்தை கேட்டேனா? எனக்காகத்தான் சொல்றேன்னு விட்டுட்டேன். இதையும் எனக்காகத்தான் சொல்றே."

"இது அப்படி இல்லண்ணே."

"சரி, இல்லை."

ரெண்டு பெட்டியையும் அவர் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துப் போட்டாள். உடைந்த சிவப்பையும் வெள்ளையையும் முக்காலியில் வைத்துத் தன் குச்சியைத் திருப்பினாள். ரெண்டு சுக்கானும் ஒன்றாகத் திரும்பின. பாருங்க, இதுதான் நடந்தது என்றாள். அவர் பார்த்தார்.

"நீலத்தைக் கழட்டிட்டு மஞ்சளைப் போட்டுக் கொண்டாந்து காட்டுறே. காலையில உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும் செல்வி?"

அப்போ நீலத்தைப் போட்டுத் தருகிறேன், விரலை வைத்து ஒரே ஒரு தடவை திருப்புங்கள் என்று கெஞ்சினாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் ஒரு தடவை பார்த்தது போதும் என்றார்.

மறுநாள் சாபிராவைக் கூட்டிவந்தாள். நான் வந்தபோது மேசையில் ரெண்டு ரெண்டாகக் கிடந்தது நிசம்தான் அண்ணே, நான்தான் பாவி, பேச்சில் இழுத்துவிட்டேன் என்று சாபிரா கண்ணைத் துடைத்தாள். அவர் அவளிடம் மரியாதையாகத் தலையசைத்தார். அவள் போனதும், அந்தப் பிள்ளை நோன்பு வைத்திருக்கிறது, அதைப்போய்ப் பொய் சொல்ல வைக்காதே என்றார்.

பயிற்சியை அன்றோடு நிறுத்திவிட்டார். அவள் கையைப் பிடித்து மடக்கி நீட்டினால் தடுப்பதில்லை, ஒத்துழைப்பதும் இல்லை. யாருடைய கையோ என்பதுபோல விட்டுவிடுவார். சிவப்புப் படகின் மூக்கை அவள் புதுசாக இழைத்து ஒட்டி, ரெசின் பூசி, பெயின்ட் அடித்துக் கட்டிலருகே வைத்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றார்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்கவே கேட்காமல், நீலம் பொருத்தின பெட்டியை அவர் வயிற்றின்மேல் வைத்துக் கட்டைவிரலை எடுத்துக் குச்சிமேல் வைத்தாள். எதிரே படகு தயாராக இருந்தது. அவர் அவளுக்காக ஒருதரம் முயன்றார். அது அவர் நெற்றியில் தெரிந்தது. விரலில் தெரியவில்லை. நரம்பு வற்றியதா, அவர் விட்டதால் போனதா என்று இனி மதுரை டாக்டராலும் சொல்ல முடியாது.

"இப்பவாச்சும் நம்புறியா?" என்று அவர் கேட்டார். குரலில் கோபமில்லை.

அவள் பெட்டியை அணைத்தாள். நாற்காலிக் கையில் மாட்டினபடியே கிடந்த மஞ்சள் கிளிப்பைப் போய் எடுத்துவந்தாள். அவர் காலரை நேராக்கி அதில் மாட்டினாள்.

"உங்க முறை" என்றாள்.

கிளிப்பைக் கழற்றி எறிய அவருக்குக் கை வழங்காது. சாயங்காலம் சட்டை மாற்றும்போது கிளிப்பைக் கழற்றி, புதுச் சட்டையின் காலரில் திரும்பவும் மாட்டினாள். மறுநாளும் அப்படித்தான். தன் பெட்டியை அவள் அப்புறம் போடவே இல்லை. கிளிப் அவரிடம் அல்லவா இருந்தது.