லாட்டில் வந்த அஞ்சு சைக்கிள்

என்ற ஊட்டுக்காரர் பாரூக் காதர்பேட்டையில பனியன் கடை வெச்சிருக்காருங்க. கம்பெனிக்காரங்க எக்ஸ்போர்ட்டுக்குத் தெச்சதுல மிச்சமானதையும் கழிச்சதையும் மூட்டை மூட்டையா வாங்கி வெளியூர் வியாபாரிகளுக்கு விக்கிறதுதான் தொழில். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் ஒத்தப் பொருளா ஒண்ணு வாங்கி நான் பார்த்ததில்லை. சோப்பு வாங்கிட்டு வாங்கன்னா பெட்டியா வரும். கத்திரிக்காய்க்கு அனுப்பிச்சா கூடையோட வரும். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். அஞ்சு சைக்கிளை எப்படிங்க பொறுத்துக்கிறது?

சைக்கிள் எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டாயிரத்து எட்டாம் வருசம், ரம்ஜான் முடிஞ்ச கையோட இவருக்குச் சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறிப்போச்சு. டாக்டர்கிட்டப் போனோம். அவரு இவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை வெச்சுக் கால்விரலை ஒவ்வொண்ணாத் தொட்டு, "தெரியுதுங்களா, தெரியுதுங்களா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. இடது கால் சுண்டுவிரலுக்கு வந்தப்ப இவரு, "இன்னும் தொடவே இல்லீங்களே டாக்டர்"னாரு. டாக்டர் நரம்பு வளையற அளவுக்கு அழுத்திக்கிட்டுத்தான் இருந்தாரு.

இவரோட அண்ணன் ஷாரிக் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. விரல் மரத்து, ஆணி குத்தினது தெரியாம, புண்ணு உள்ளுக்குள்ளயே அழுகி, கடைசியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. எங்க ஊட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி, ஜன்னலோரம் கட்டில்ல உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டிருப்பாரு. அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் இவரு தலையைக் குனிஞ்சுக்குவாரு. அண்ணன் மேல கோவமெல்லாம் கிடையாது, பயம்.

டாக்டர் வெளிப்படையாச் சொல்லிட்டாரு. எடையும் சர்க்கரையும் இறங்கினா அந்த விரலுக்கு உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமயும் போகலாம். இறங்கலைன்னா மத்த விரலுக்கும் பரவும். ரொம்ப நடந்தா மரத்த கால் புண்ணாயிரும், அதனால சைக்கிள் ஓட்டுங்கன்னாரு. தினமும் ஊட்டுல காலைச் சோதிக்கச் சொல்லி எனக்கும் ஒரு வேலை குடுத்தாரு.

சைக்கிள்னா நம்ம சாதா சைக்கிள் ஒண்ணு வாங்குவாருன்னு நெனச்சேன். "போச்சு முனவரு, சாதா சைக்கிள்ல போனா பேட்டையில என்ன பேசுவாங்க? பாரூக்குக்கு வியாபாரம் படுத்துருச்சு, வண்டியை வித்துட்டு சைக்கிள்ல வர்றான்னு பேசுவாங்க"ன்னாரு.

"வேற எதுல போவீங்க?"

"ஹேண்டில்பாரு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குமே, ரேஸ் சைக்கிள். அதுல போனா பாய் எக்ஸர்சைஸ் பண்றாருன்னு பேசுவாங்க."

எரிச்சலா இருந்தாலும், அவரு சொன்னது நெசந்தானுங்க. அந்த ஊரு அப்படித்தான் பேசும். ஆனா அந்த மாதிரி சைக்கிளைப் பத்தி இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. புதுசு வாங்கி வீணாக்க வேண்டாம், பழசுல ஒண்ணு பார்க்கலாம்னு முடிவாச்சு. அனுப்பர்பாளையத்துல லிங்கசாமின்னு பழைய இரும்பு, அலுமினியம் எடைக்கு எடுக்கறவரு ஒருத்தர் இருக்காரு. கோயமுத்தூர்ல எங்கயோ பசங்க ரேஸ் டீம் வெச்சிருந்து கலைச்சுட்டாங்கன்னு அஞ்சு சைக்கிள் அவருகிட்ட வந்திருந்துது. உருக்கறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க பாய்னு சொல்லி அனுப்பினாரு.

அங்க போய் இவரு பண்ணினதை லிங்கசாமியே என்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. "எது வேணுமோ ஓட்டிப் பார்த்து எடுத்துக்குங்க பாய்"னு அவரு அஞ்சையும் வரிசையா நிறுத்தி வெச்சா, இந்த மனுசனுக்கு ஒண்ணைப் பொறுக்கக் கை வரலை. காதர்பேட்டையில பீஸ் பொறுக்கறவன் வியாபாரியே இல்லை. மூட்டைக்குள்ள கையை விட்டு நடுவுல இருந்து ஒண்ணை உருவிப் பார்ப்பாங்க, பிடிச்சா மூட்டையோட தூக்குவாங்க. இவரும் நடுவுல நின்ன சைக்கிளோட சக்கரத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "அஞ்சையும் மொத்தமா, லாட்டா என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டிருக்காரு.

டெம்போவுல அஞ்சும் வந்து இறங்குச்சு. ஹாலுல நிறுத்தினா நான் சமையல்கட்டுக்குப் போகச் சந்துல நுழையற மாதிரி போகணும். "அஞ்சு காலாங்க உங்களுக்கு இருக்கு?"ன்னு கேட்டேன். கேட்டதுக்கப்புறம்தான் என்ன வார்த்தை சொன்னோம்னு உறைச்சுது. இவரு ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சாரு.

முதல்ல எடுத்தது சிவப்பு சைக்கிள். பளபளன்னு, மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு. இருக்கறதுலயே உயரம் அதுதான். இவரு குட்டை. "கொஞ்சம் பெருசா இருக்கேங்க"ன்னேன். "ஒரு சைஸ் கூட இருந்தா நல்லதுதான்"னு சொல்லிட்டு ஏறிட்டாரு. கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி ஊறின பேச்சு அது. நாற்பது சைஸ் கேட்டா நாற்பத்திரெண்டை எடுத்துப் போடுவாரு, துவைச்சா சரியாயிரும்பாரு.

பேட்டைக்குள்ள, ஜனம் நெரிசலா இருக்கற நேரத்துல, முன்னாடி ஒரு மூட்டை வண்டி நின்னுடுச்சு. இவரு பிரேக்கைப் பிடிக்கலாம்னா கை எட்டலை, காலை ஊணலாம்னா தரை எட்டலை. தெரிஞ்ச கடைக்காரங்க அத்தனை பேரும் பார்க்க, சைக்கிளோட சாஞ்சு விழுந்தாரு. முழங்கை சிராய்ச்சுக்கிட்டு ஊட்டுக்கு வந்தவரு கதவைச் சாத்தினதும் முதல்ல இடது காலைத்தான் நீட்டினாரு. "அடி பட்டிருக்கான்னு பாரு. எனக்குத் தெரியாது"ன்னாரு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். காலுக்கு ஒண்ணும் ஆகலை.

"இது பனியன் இல்லீங்க, தண்ணி பட்டா சுருங்கறதுக்கு. அஞ்சையும் லிங்கசாமிகிட்டயே தள்ளிடுங்க. வேற எதாவது பார்க்கலாம்"னேன்.

மனுசன் அதோட விட்டிருவாருன்னுதான் நெனச்சேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், அத்தனை பேரு பார்க்க விழுந்திருந்தா நானெல்லாம் மறுக்கா அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன். மறுநாள் விடிகாலையில பஜ்ரு தொழுதுட்டு வந்து ரெண்டாவது சைக்கிளை வெளிய எடுத்துக்கிட்டிருக்காரு. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். எனக்கு அவரைப் பார்க்கவே பெருமையா இருந்துது.

ரெண்டாவதுல சைஸ் பரவாயில்லை. ஆனா மேடு ஏறும்போது செயின் பல்லை விட்டு விட்டுக் குதிச்சுது, பல்லெல்லாம் தேஞ்சு கூரா நிக்குது. மூணாவதுல பின்சக்கரம் கோட்டம். எப்படி மிதிச்சாலும் பிரேக்குல உரசிக்கிட்டு இழுத்துது. நாலாவது பச்சை. உக்காந்தா எல்லாம் பாந்தமா இருந்துது. எனக்கும் இதுவே போதும்னு தோணுச்சு. இவரு கீழ இறங்கிக் குனிஞ்சு, கைப்பிடிக்குக் கீழ கம்பி சேர்ற இடத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"என்னங்க அதுல?"

"இந்த இடத்துல எவனாவது ஸ்டிக்கர் ஒட்டுவானா முனவரு?"

சொல்லிட்டு நகத்தால உரிச்சாரு. உள்ள முடி மாதிரி ஒரு வெடிப்பு, கம்பியில பாதி சுத்துக்கு ஓடியிருக்குது. டீ-சர்ட்டுல ஓட்டை விழுந்த இடத்துல ஒரு பூவைத் தெச்சு டிசைன்னு தள்ளற ஆளுங்களோட பழகின கண்ணு. வேகமாப் போகும்போது முறிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சு, நானே அதைச் சுவத்தோரமாத் தள்ளி வெச்சேன்.

மிச்சம் நின்னது அஞ்சாவது. பெயிண்ட் போய்ச் சாம்பல் நிறம், கைப்பிடி நாடா கிழிஞ்சு தொங்குது, இருக்கறதுலயே குட்டை. செகண்ட்ஸ், கழிச்ச மாலுன்னு ஒதுக்கி வெச்சு அதைத் துடைக்கக்கூட இல்லை. "ஏறுங்க"ன்னேன். "பார்த்தாலே பிச்சைக்காரன் மாதிரி இருக்குது"ன்னு முனகினாரு. "ஏறுங்கன்னா ஏறுங்க."

ஏறினாரு. நிறுத்தினா நுனிக்கால் தரையில ஊணுச்சு. கையை நீட்டினா முழங்கை லேசா மடங்கி, பிரேக்கு விரலுக்குள்ள வந்துது. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினாரு. ஒரு சத்தம் இல்லைங்க. செயின் சத்தமில்லை, சக்கரம் உரசலை. தொப்பையும் ஜிப்பாவுமா அந்தச் சின்ன சைக்கிள் மேல என்ற ஊட்டுக்காரர் வந்ததை நெனச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும்.

மத்த நாலையும் லாட்டாவே லிங்கசாமிகிட்டத் திருப்பிக் குடுத்தாரு. குடுக்கறதுக்கு முன்னாடி பச்சை சைக்கிள்ல அந்த வெடிப்பைச் சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டு, இதை யாருக்கும் ஓட்டறதுக்கு வித்துடாதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் அனுப்பினாரு. லாட்டுல கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாரே தவிர, ஓட்டையை மறைச்சு ஒருத்தன் தலையில கட்டினதில்லை. அந்த விசயத்துல என்ற மனுசன் தங்கம்.

அப்புறம் தினமும் விடியறப்பக் கிளம்பிருவாரு. முதல்ல அவினாசி ரோட்டுல கொஞ்ச தூரம், நாக்கு வெளிய தள்ள வருவாரு. போகப் போக சோமனூர் வரைக்கும் போய் டீயைச் சர்க்கரை இல்லாம குடிச்சுட்டுத் திரும்ப ஆரம்பிச்சாரு. மழையா இருந்தாலும் போவாரு. பேட்டையில முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் எங்க வாங்கினீங்க பாய்னு கேட்டாங்க. பேண்ட்டெல்லாம் இடுப்புல நிக்காம ரெண்டு சைஸ் பிடிச்சுத் தெச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஷாரிக் மச்சான் ஜன்னல்ல இருந்து கூப்பிட்டாரு. "டேய் பாரூக்கு, அதை உள்ள கொண்டு வா." நான் அப்ப அங்கதான் மதினிக்கு ரொட்டி உருட்டிக்கிட்டிருந்தேன். இவரு தயங்கித் தயங்கி சைக்கிளைக் கட்டில்கிட்ட நிறுத்தினாரு. மச்சான் பெடலைக் கையால சுத்திவிட்டு, சக்கரம் நிக்கற வரைக்கும் பார்த்தாரு.

"எனக்கு விரல் மரத்தப்ப நான் யாருகிட்டயும் சொல்லலைடா. வெக்கமா இருந்துச்சு. நீ ஊட்டுல தினமும் காலை நீட்டிக் காட்டறியாமே, அது பெருசு"ன்னாரு. அப்புறம், "தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகாதே. ரோட்டைப் பார்த்து ஓட்டு"ன்னாரு. அன்னையில இருந்து அந்த ஜன்னல் வந்தா இவரு மணியடிச்சுட்டுத்தான் போவாரு.

காலைச் சோதிக்கற வேலையை நானும் விடலைங்க. தினமும் பொழுது சாஞ்சு மஃரிபு தொழுதுட்டு வந்து கண்ணை மூடிக்கிட்டுக் காலை நீட்டுவாரு. நான் தையல் நூலை முறுக்கி நுனியால ஒவ்வொரு விரலாத் தொடுவேன். பெருவிரல்ல ஆரம்பிச்சு வரிசையாப் போனா, சுண்டுவிரலுக்கு வந்ததும் தெரியுதும்பாரு. முதல்ல சந்தோசப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, மனுசன் வரிசையை எண்ணிக்கிட்டுச் சொல்றாரு. எனக்கு ஆறுதலுக்காகப் பொய். அதுல இருந்து மாத்தி மாத்தித் தொட ஆரம்பிச்சேன். சுண்டுவிரல்ல நூல் படும், மனுசன் சும்மா உக்காந்திருப்பாரு. நானும் ஒண்ணும் காட்டிக்காம அடுத்த விரலுக்குப் போயிருவேன்.

அடுத்த ரம்ஜானும் வந்துது. நோன்பு திறந்து கஞ்சி குடிச்சுட்டுக் காலை நீட்டினாரு. களைப்பு, கண்ணை மூடினதும் பாதித் தூக்கம். எடுத்த எடுப்புலயே, நானும் ஒண்ணும் நெனைக்காம, சுண்டுவிரலோட அடிப்பக்கம் நூலை வெச்சு இழுத்தேன்.

காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. "கூசுது, வுடு"ன்னாரு, கண்ணைக்கூடத் திறக்காம.

நான் மறுபடியும் தொட்டேன். மறுபடியும் இழுத்துக்கிட்டாரு. "ஏன்டி படுத்தறே"ன்னு கண்ணைத் திறந்தவரு, நான் அழுகறதைப் பார்த்துட்டு, என்ற கையில இருந்த நூலைப் பார்த்தாரு. அப்புறம் காலை மறுபடியும் என்ற மடியில நீட்டினாரு.