ஃபாத்தினின் கொக்கிகள்

"வேன் மண்டையப் போட்டுருச்சு தம்பி," என்றார் சமையல்காரர் அப்துல் ஹமீது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இத்ரீஸின் மனைவி ஃபாத்தின் இறந்து அன்றோடு ஓராண்டு. சூலியா தெருவில் தம் போட்டு இறக்கிய பிரியாணி, மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஓதுவதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவிலுள்ள மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். நாற்பது பேர் சாப்பாடு.

"பரவால்லண்ணே. என் கெரேத்தாவுல ஏத்துங்க," என்றான் இத்ரீஸ்.

காரின் பின்சீட்டை மடித்து அண்டாவை வைத்தார்கள். ஹமீது ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றினார். "இதுல பாலத்தையே கட்டித் தூக்கலாம்லா. தைரியமா போங்க."

மலைப்பாதையின் இரண்டாம் வளைவில் கயிறு அறுந்தது. அண்டா வழுக்கிக் கதவில் இடித்தது. இத்ரீஸ் காரை ஓரங்கட்டினான். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த மாவு வெடித்து ஆவி வந்தது. பாத்திரத்தின் சூட்டில் ராஃபியா இளகி நூலாகியிருந்தது. பன்னிரண்டரை மணி. இன்னும் எத்தனையோ வளைவுகள்.

கட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது?

கார் முன்பு ஃபாத்தினுடையது. முன்சீட்டின் பின்னால் இரண்டு அலுமினியக் கொக்கிகள் தொங்கின. அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். மலையேறுபவர்களின் சாமான். அவள் அதில் காய்கறிப் பை தொங்கவிடுவாள். சாப்பாட்டுக் கடையில் கைப்பையை நாற்காலியோடு மாட்டிவைப்பாள். "மலை ஏறப் போறியா?" என்று அவன் சீண்டுவான். "கூட்டிட்டுப் போங்க, ஏறிக் காட்டுறேன்," என்பாள்.

சீட்டுப் பையில் கைவிட்டான். நுனியில் கண்ணி வைத்த ஒரு சுருள் கயிறு. அதோடு தீப்பெட்டி அளவில் ஓர் இரும்புச் சாமான், உள்ளே குட்டிச் சக்கரம். ஓராண்டாக அவன் அதைத் தொட்டதில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். சக்கரத்தைப் பார்த்ததும் கை தானாகத் திருப்பிப் பார்த்தது.

காரின் தரையில் இரு பக்கமும் இரும்பு வளையம் இருந்தது. ஒன்றில் கொக்கியால் கண்ணியை மாட்டி, கயிற்றை அண்டாவின் காதுகளில் நுழைத்து, மூடிக்கு மேலாகக் கொண்டுவந்து, மறுபக்க வளையத்துக் கொக்கியில் மாட்டிய அந்தச் சாமானின் சக்கரத்தில் கோத்தான். இழுத்தான். நழுவியது. மறுபடி இழுத்தான். மறுபடி நழுவியது.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சக்கரத்தின் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கயிற்றைத் தலைகீழாகக் கோத்திருக்கிறான். மாற்றிக் கோத்து இழுத்ததும், 'கிர்க்' என்று பற்கள் கவ்வின. முடிச்சே இல்லை. விட்டுப் பார்த்தான். விடவில்லை.

"அட!" என்றான், ஆளில்லாத சாலையில்.

வழியில் இரண்டு இடத்தில் மூடி தடதடத்தது. சூட்டில் கயிறு தொய்ந்திருந்தது. இரண்டு முறையும் நிறுத்தி இறங்கி ஓர் இழுப்பு. அவ்வளவுதான்.

மாமியார் வீட்டு வாசலில் ஜமாஅத்தார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இத்ரீஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். இன்னும் இறுகியது.

"மச்சான், நீங்கல்லாம் என்ன மெஷின் ரிப்பேர் பண்றீங்க?" ஃபாத்தினின் தங்கை நூருல் அவனைத் தள்ளிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினாள். கயிறு மொத்தமும் தளர்ந்து விழுந்தது.

மூடியைத் திறந்தார்கள். சோறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு பருக்கைகூட வெளியே சிந்தவில்லை.

"இத அமுக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் காட்டிக்குடுத்தா. இங்க வந்தா துணிக்கொடி இதுலதான் கட்டுவா. டுரியான் கூடைய மரத்துலேர்ந்து இறக்குவா. ஒரு தடவ பக்கத்து வீட்டு ஆட்ட..."

"ஆட்டையா?"

உள்ளே, ஓத வந்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார்.

"ஓதி முடியட்டும், சொல்றேன்," என்று நூருல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

இத்ரீஸ் போய் வரிசையில் உட்கார்ந்தான். எல்லாரும் கையேந்தினார்கள். அவனும் ஏந்தினான். ஆட்டை என்ன செய்திருப்பாள்?