சின்னவளின் நட்சத்திரங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் அந்த அட்டவணை ஏறிய நாளிலிருந்து பெரிய மருமகளுக்கு வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்ன மருமகள் வரைந்தது. ஆளுக்கொரு நிறம், வேலைக்கொரு படம். அந்தக் கோட்டுப் படத்துக்குப் போய் வீடே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பன்னிரண்டு வருடம் ஒற்றை ஆளாக இழுத்துப்போட்டுச் செய்தாளே, எந்த மகராசன் கைதட்டினான்?

வாரக் கடைசியில் யாருக்கு அதிக நட்சத்திரமோ, அவர்தான் மறுவாரத்து வேலையை முதலில் தேர்ந்தெடுக்கலாம். பெரியவளுக்கு அடுப்படிதான் உயிர். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

நட்சத்திரம் ஒட்டுவது மாமனார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். சாயங்காலம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வேலை முடிந்திருந்தால் அந்தக் கட்டத்தில் ஒட்டுவார்.

சின்னவளை மட்டந்தட்டப் பெரியவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்னவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும் அவள் பங்குத் துணிகளை மடித்தாள். குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். இவள் வேலையையும் பெரியவள்தான் பார்க்கிறாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். தானாகச் சொன்னால் மரியாதை இல்லை, அவர்களே கேட்கட்டும் என்று காத்திருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த மும்முரத்தில் பெரியவளின் பங்கு ஜன்னல்கள் இரண்டு நாள் துடைக்காமல் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் அட்டவணை முன் நின்றார். "சின்னவளுக்கு எல்லாம் நெறைஞ்சிருக்கு. உனக்குத்தாம்மா ரெண்டு காலி."

"அவ துணியெல்லாம் யாரு மடிச்சாங்கன்னு கேட்டீங்களா மாமா?"

"வேலை முடிஞ்சிருக்கான்னுதாம்மா நான் பாக்குறது."

சின்னவள் வெட்கத்தோடு தன் கணவனைப் பார்த்தாள். "இவருதான் மாமா செஞ்சு வச்சிருக்காரு. வெளிய சொல்லிக்கவே மாட்டாரு."

கொழுந்தன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான், படுபாவி. நான்தான் செய்தேன் என்று பெரியவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. எதற்குச் செய்தாய் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குச் சமையல்," என்றாள் சின்னவள். "அக்கா பாவம், ஒரு வாரமாவது உக்காந்து சாப்பிடட்டும்."

மறுநாள் காலை பெரியவள் தட்டு முன்னால் உட்கார்ந்தாள். உப்பு தூக்கலாக இருக்கும், இல்லையென்றால் அடிப்பிடித்திருக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு வாய் எடுத்து வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இரண்டாவது கரண்டி கேட்டிராத அவள் கணவன், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று சின்னவளிடம் தட்டை நீட்டினான்.