வாங்குக்கு நிற்காத நிரல்

நிப்றாஸ் களவு செய்வான் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் போனேன்.

கல்முனையில் ஆதம்பாவா சேரின் கணினி நிலையத்தில் ஒரேயொரு பயிற்றுவிப்பாளர் வேலை. விண்ணப்பித்தது நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு செஸ் நிரல் எழுதிவரச் சொன்னார் சேர். இரண்டையும் ஒரே கணினியில் ஆறு ஆட்டம் மோதவிட்டு, வென்றவருக்கு வேலை. நிப்றாஸ் சேரின் தங்கை மகன். கணினியும் சேருடையது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள் நான். வாப்பா மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவர். எனக்காக நாலு வார்த்தை கதைக்க எந்த மாமாவும் இல்லை.

ஆகவே காலையிலிருந்து தோண்டினேன்.

"இவர்ட நிரலுக்கு எவ்வளவு மெமரி குடுத்திரிக்கீங்க சேர்?"

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான் புள்ள."

"காட்டுங்க."

காட்டினார். நேரமும் சமம். ஒரே தொடக்கத்தை இரண்டு நிரல்களும் வெள்ளையிலும் கறுப்பிலும் மாறி மாறி ஆடின. நிப்றாஸின் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன்.

"ஸப்னா, என்ட பொக்கட்டையும் பாக்கப்போறீங்களா?" என்றான்.

"தேவ வந்தா பாப்பன்."

ஐந்து ஆட்டம் முடிய மூன்றுக்கு இரண்டு. நான் முன்னால். அப்போதும் நம்பவில்லை. அந்த இரண்டையும் எப்படி வென்றான் என்றே மனம் அரித்தது.

ஆறாவது ஆட்டம். நிப்றாஸின் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். வாங்கு சொன்னால் இங்கே கை நிற்கும், வாயும் நிற்கும். சேர் ஆட்டத்தை இடைநிறுத்தினார். இரண்டு கடிகாரங்களும் நின்றன.

அந்த அமைதியில்தான் கேட்டது. கணினியின் விசிறி நெல் மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஆட்டம் நின்றும் ஏதோ ஒன்று யோசிக்கிறது! எதிராளியின் முறையிலும் யோசிக்கும் நிரல், ஒரே கணினியில் எதிராளியின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். அது கூடாது என்று விதியில் எழுதவைத்தவளே நான்தான்.

வாங்கு முடிந்ததும் திரையை மூவரும் பார்க்கத் திருப்பினேன்.

"ஆள் மாட்டிட்டாரு. சேர், ஒங்கட மருமகன்ட வேலயப் பாருங்க."

ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். நிப்றாஸின் நிரல் அடியில் சும்மா கிடந்தது. முதல் வரியில், கணினியைத் தின்றுகொண்டு நின்றது என்னுடையது.

வீட்டில் சோதிக்கும்போது, எதிராளியின் முறையிலும் யோசிக்கும் அந்த வசதியைப் போட்டுப் பார்த்தேன். அணைக்க மறந்துவிட்டேன். அவனுடைய கோப்பை வரிவரியாகப் படித்தவள், என்னுடையதைத் திறக்கவே இல்லை.

நிப்றாஸ் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் சேர். "முடிஞ்ச அஞ்சும் கிடக்கட்டும். இத மட்டும் திரும்ப ஓட்டுவம்."

மூன்றுக்கு இரண்டு. ஒரு சமநிலை போதும், வேலை எனக்கு. சேர் நல்ல மனதில்தான் சொன்னார். அதுவே எரிச்சலாக இருந்தது.

"இல்ல சேர். எல்லாத்தையும் அழிங்க. முதலாவதுல இருந்து."

"யோசிச்சுச் சொல்லுங்க புள்ள."

"அழிங்க எண்டன்."

தொழுதுவிட்டு வந்து, என்னுடையதில் அதை அணைத்துவிட்டு, ஆறையும் ஓட்டினோம். நாலுக்கு இரண்டு. நிப்றாஸ் வென்றான்.

சேர் முடிவுத்தாளை நீட்டினார். பேனையை வைத்துவிட்டு, நிப்றாஸின் நிரல் அமைப்பைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தேன்.

அந்த வசதி அணைந்தே இருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.