எலி கடித்த சுற்று

திருமூர்த்தி வீட்டில் வலது ஸ்பீக்கர் உடனே பாடும். இடது ஸ்பீக்கர் முப்பத்தோரு வருஷம் கழித்துப் பாடும். ஒயர் நீளம் அப்படி.

மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் அவரே கட்டிய செட் அது. ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகப் பற்றவைத்து, பேஸ் எடுப்பாகக் கேட்க இரண்டு ஸ்பீக்கரையும் மண்பானை வாயில் பொருத்தினார். பாட்டுக் கேட்கும் அறையின் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினார். வலது பானைக்கு ஒயரை அளந்து வெட்டியவருக்கு இடது பானைக்கு மட்டும் மனசு வரவில்லை. நல்ல செம்பு, நாளைக்கு உதவும் என்று மிச்சத்தை வெட்டாமல் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மகா சிக்கனக்காரர். முப்பத்தோரு சுற்று வந்தது. ஒரு சுற்றைக் கடக்கச் சத்தத்துக்கு ஒரு வருஷம் பிடித்தது.

முட்டை அட்டை ஒட்டியபின் மனைவி ருக்குமணி கூப்பிடுவது அறைக்குள் கேட்கவில்லை. அதனால் சமையலறையில் ஒரு மைக் வைத்துக் கொடுத்தார். மதியம் ஒரு மணிக்கு வலது பானை, "ஏனுங்க, சோறு ஆறுது, வாங்க" என்னும். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்பார் இவர். மூன்று தரம் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்.

அவள் போய் ஏழு வருஷமாகிறது. அன்றிலிருந்து வலது பானையில் வெறும் பாட்டுதான். அதுவரை ஊமையாக இருந்த இடது பானை இந்தத் தை மாதம்தான் வாய் திறந்தது. கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய அந்தக் காலத்துக் கேசட்டுகள் வரிசையாக வந்தன. நடுவில், தினமும் ஒரு மணிக்கு, ருக்குமணி. இப்போது முதல் தரத்திலேயே எழுந்துபோய், தானே வடித்த சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். காலையிலிருந்து அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தார்.

ஆடியில் ஒயரை எலி கடித்தது. கட்டிலுக்கடியில் சத்தம் ஒழுகிக் கிடந்தது. ஒயர்மேன் தண்டபாணி வந்து குனிந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆறு மீட்டர் இழுத்துரலாமுங்ணா. ரெண்டும் ஒண்ணாப் பாடும்."

"உள்ளே இன்னும் இருபத்து நாலு வருஷத்துக்கு அவ கூப்பிடறது இருக்குதப்பா."

"அப்படீன்னா கடிச்ச சுத்தை மட்டும் எடுத்துப்போட்டு ஒட்டோணும்."

பானைப் பக்கமிருந்து எண்ணினார்கள். இருபத்து நாலாவது சுற்று. ருக்குமணி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத வருஷம். அவள் கடைசியாகக் கூப்பிட்டதும் அதற்குள்தான் இருந்தது. வெட்டினால் அது போய்விடும். விட்டால் மற்ற வருஷங்களும் ஒழுகித் தீர்ந்துவிடும்.

"வெட்டப்பா" என்று திருமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தண்டபாணி வெட்டினார். இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றினார். வெட்டிய வருஷத்தை வாசலில் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். சரிபார்க்க ஒரு கேசட்டைப் போட்டார்கள். இரண்டாவது சரணத்தில், சமையலறை மைக்கை யாரோ தொட்டதுபோல் வலது பானை லேசாகக் கரகரத்தது.

"ஏனுங்க, சோறு ஆறுது, வாங்க. தண்டபாணிக்கும் சேர்த்துத்தான் வடிச்சிருக்கறேன்."

பாட்டு முடியவில்லை. திருமூர்த்தி எழுந்துவிட்டார். தண்டபாணி கை கழுவப் போனார்.